பக்கத்துச் சீற்றில் ஓர் இருமல்

கார் ஓட்டப் பழக்குகிற தொழிலில், நன்றாகப் பழகியவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்கள் லைசென்சுக்கான ரெஸ்ற்றில் கோட்டை விட்டவர்கள்தான். ஆகவே என்னைப் போன்ற மாஸ்டர்மாருக்கு நீண்டகால நட்பு என்று வாய்ப்பது மோசமாக ஓட்டுகிறவர்களோடு மட்டுமே. ஸ்காபரோவில் பக்கத்துச் சீற்றில் உட்கார்ந்து, காலடியில் பூட்டியிருக்கிற இரண்டாவது பிரேக்கை நம்பிச் சீவித்த எல்லோருக்கும் இது தெரியும்.

இந்தத் துணுக்குகள் அவர்களுக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். சளி, தடிமன் இல்லாமலே இருமுகிறவர்கள், கொஞ்சம் படியேறிவிட்டுச் சுவரைப் பிடிக்கிறவர்கள், நுரையீரலில் தழும்பு விழுகிறது என்று டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தவர்கள். இரண்டு கூட்டத்திலும் நான் இருக்கிறேன். என் பெயர் நேசன். கலியாணம் ஒன்று சரிவரும்போல இருந்தது, சரிவரவில்லை, பிறகு நான் மினக்கெடவில்லை. டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை வீடு. ஒரே தங்கச்சி பிரான்சில்.

இருமினால் பிரேக்

செல்வமலர் பேக்கரி ஒன்றில் பாண் பொதி செய்கிறவர். புருசன் இருந்தவரைக்கும் அவரே ஏற்றி இறக்கினார். அவர் போன பிறகு, மல்வேர்னிலிருந்து பஸ் மாறி மாறி வேலைக்குப் போய் வெறுத்து, ஐம்பது வயது தாண்டிய பிறகு என்னிடம் வந்தார். நிதானமான கை. கண்ணாடி பார்ப்பார், தோளைத் திருப்பிப் பார்ப்பார், எல்லாம் சரி. ஆனால் ஒரு காரணமும் இல்லாமல் நடு றோட்டில் திடீரென்று பிரேக் அடிப்பார். சப்பாத்து சரியில்லையோ, கண் சரியில்லையோ என்று நான் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

ஒருநாள் மார்க்கம் றோட்டில் அப்படி அடித்ததில் பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை. "முன்னாலை ஒண்டும் இல்லையே, ஏன் அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். "நீங்கள்தானே இருமினீங்கள்" என்றார். அவருடைய புருசன் வாய் திறந்து பேசுவது குறைவாம். மனைவி ஏதாவது பிழை விட்டால் ஒரு செருமல் மட்டும் செருமுவாராம். அந்தப் பழக்கத்தில் என் இருமலையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த இருமலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை, அது பாட்டுக்கு வருகிறது, சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஹீற்றர் காற்றின் வறட்சியாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். எத்தனை மாதமாக என்று கேட்டார். யோசித்தேன். எனக்கே நினைவில்லை. இருமலை எண்ணிச் சொல்ல வீட்டில் வேறு காது இல்லை. சிவப்பு விளக்கில் காரை அழகாக நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இனி நீங்கள் இருமினால் நான் நிப்பாட்டமாட்டன் மாஸ்டர். ஆனால் நீங்கள் போய் டொக்டரிட்டைக் காட்டாட்டில் அடுத்த வகுப்புக்கு வரவும்மாட்டன்."

தழும்பு

குடும்ப டொக்டர் இன்னொரு டொக்டரிடம் அனுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்திக் குழாயில் ஊதச் சொன்னார்கள். ஸ்கான் எடுத்தார்கள். கடைசியில் நுரையீரல் டொக்டர், என் தங்கச்சியின் மகள் வயதுப் பெண், முதுகின் அடிப்பக்கத்தில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் சப்பாத்தில் ஒட்டுகிற பட்டியைப் பிரிக்கும்போது ஒரு சத்தம் வருமே, மூச்சை இழுக்கிறபோது அந்தச் சத்தம் உள்ளே கேட்கிறதாம். விரல் நுனிகளைப் பார்த்தார். அவை கொஞ்சம் உருண்டு வீங்கியிருந்ததை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். "கூட யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லையா?" என்று கேட்டார். "கார் வெளியில் நிற்கிறது" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

நுரையீரல் பஞ்சுபோல விரிந்து சுருங்க வேண்டியது. என்னுடையதில் அடியிலிருந்து தழும்பு ஏறிக்கொண்டு வருகிறது. தழும்பு விழுந்த இடம் விறைத்துவிடும், விரியாது. ஒக்சிசனும் அதைக் கடந்து இரத்தத்துக்குப் போகச் சிரமப்படும். விழுந்த தழும்பைத் திருப்பி எடுக்க வழியில்லை, இனி விழப்போவதை மெதுவாக்க மருந்து உண்டு. இவ்வளவையும் அவர் ஒரு கடதாசியில் படம் கீறிச் சொன்னார். நான் "தாங்க்யூ" சொல்லிவிட்டு நேரே ரெஸ்ற் சென்ரருக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பெடியனுக்கு ரெஸ்ற்.

அங்கே கார்த் தரிப்பிடத்தில் யேசுதாசன் நின்றான். மன்னார்க்காரன், என்னைப்போல மாஸ்டர், ஒரே சென்ரரில் ஒரே தொழில் என்பதால் பாதி சிநேகிதன், பாதி போட்டி. வேறு ஆள் இல்லாததால் அவனிடம் சொன்னேன். அவன் முகம் முதலில் இருண்டது, பிறகு ஏதோ கண்டுபிடித்தவன்போல வெளித்தது. "தழும்புதானே மச்சான்? காயம் மாறினாப் பிறகுதானே தழும்பு வாறது. அப்ப உனக்குச் சுகம் வந்திட்டுது எண்டுதானே அர்த்தம்?"

காரணம்

டொக்டர் நிறையக் கேட்டார். சிகரெட்? இல்லை. வீட்டில் புறா, கிளி வளர்த்ததுண்டா? இல்லை. கல்லுடைக்கிற இடம், மரத்தூள், பூஞ்சணம் பிடித்த நிலக்கீழ் வீடு? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது? தெரிந்து இல்லை. கடைசியில், பலருக்குக் காரணம் தெரியாமலே வருகிறது, நீங்களும் அவர்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டார்.

டொக்டர் ஒப்புக்கொண்டதைச் சனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "களவாய்ச் சிகரெட் பத்தினனீங்கள்தானே?" என்று கண்ணைச் சிமிட்டியவர்கள் உண்டு. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன், கணக்காளர், மிகவும் மரியாதையான மனிதர், ஒரு மாலை முழுக்க என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புத்திரி, கறி தாளிக்கிற புகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் இல்லை இல்லை என்று தலையாட்ட, அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு காரணமும் இல்லாமல் ஒரு மனிசனுக்கு நோய் வருத்தம் வருமெண்டால், பிறகு நாங்கள் எல்லாரும் அல்லோ பயப்பிட வேணும்!"

எல்லாத் தரிப்பிடமும்

தழும்பை மெதுவாக்குகிற மாத்திரை தந்தார்கள். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அது நுரையீரலில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் வயிற்றில் என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரியும். இந்த மாத்திரை எடுக்கிற வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கவும் விருப்பமில்லை. வெட்கப்படாமல் நேர்ஸிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள், வயிற்றுக்கும் மாத்திரை தருவார்கள் என்று மட்டும் சொல்லுகிறேன். நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன். அதனால் வகுப்புப் பாதையை மாற்றினேன். எந்தக் கோப்பிக் கடையின் வோஷ்றூம் சாவி கேட்காமல் திறக்கும், எந்தக் கடைத்தொகுதியில் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். "இஞ்சை பின்பக்கமாய்ப் பார்க் பண்ணிப் பழகுவம். நீங்கள் நாலைந்துதரம் செய்து பாருங்கோ, நான் வாறன்" என்று கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். திறப்பில்லாமல் எப்படிப் பழகுவது என்று பாவம் யாரும் கேட்டதில்லை.

அபிராமி மட்டும் கவனித்தாள். இங்கே பிறந்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் நான் திரும்பி வந்து கதவைத் திறக்கவும், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் ஒழுங்காக வைத்தபடி சொன்னாள்: "அங்கிள், நான் பார்க் பண்ணப் பழகின எல்லா இடத்திலையும் ஒரு வோஷ்றூம் இருக்கு. தட்ஸ் நொட் எ கோயின்சிடன்ஸ், ரைற்? ஆர் யூ ஓகே?"

படியில் நின்று

எங்கள் கட்டடத்தில் லிப்ற் பழுதாவது செய்தி இல்லை, வேலை செய்தால்தான் செய்தி. முன்பெல்லாம் படியில் ஏறிப் போய்விடுவேன். இப்போது ஒவ்வொரு தளத்திலும் நிற்க வேண்டியிருந்தது. நிற்பதுகூடப் பரவாயில்லை, நின்று மூச்சு வாங்குவதை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்பதுதான் பெரும் வேலை. அதற்கு நான் கண்டுபிடித்த வழியை உங்களில் பலரும் கண்டுபிடித்திருப்பீர்கள்: போனை எடுத்து முக்கியமான ஏதோ வந்திருப்பதுபோலப் பார்ப்பது. திரை கறுப்பாக இருக்கும். அதில் என் முகம்தான் தெரியும்.

மேல்தளத்து இந்திராணி அன்ரி சாமான் பையோடு என்னைக் கடந்து போவார். என்னைவிட வயது கூடியவர், ஆனால் ஆடு மாதிரி ஏறுவார். ஒருமுறை ஒரு தளத்தில் கண்டார், அடுத்த கிழமை இன்னொரு தளத்தில் கண்டார். மூன்றாம் முறை பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முகமெல்லாம் சந்தோசத்தோடு கேட்டார்: "மாஸ்டர், எந்த நேரமும் படியிலை நிண்டு ஆருக்கு ரெக்ஸ்ற் அடிக்கிறியள்? ஏதும் விசேசமெண்டால் எனக்குத்தான் முதல் சொல்ல வேணும், என்ன?"

கைதட்டல்

இந்த வருத்தக்காரருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு வைக்கிறார்கள். நடக்க, சின்னப் பாரம் தூக்க, மூச்சை மிச்சம் பிடிக்கப் பழக்குகிறார்கள். மூக்கால் இழுத்து, சீழ்க்கை அடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். குளிக்கும்போது கதிரையில் உட்கார்ந்து குளிக்கலாம், அதில் வெட்கமில்லை. மூச்சு முட்டும்போது பற்றரியில் சுற்றுகிற சின்னக் கைவிசிறி ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்தால் நெஞ்சுக்குள் இருக்கிற பதற்றம் இறங்கும். வருசாவருசம் பழக்குகிற ஆளான நான், கடைசி வரிசையில் நின்று பழகினேன். நெஞ்சில் பாரம் குறையவில்லை, ஆனால் கால் பலப்பட்டது. அது பெரிய உதவி.

சுவர் ஓரமாகக் கதிரைகள் போட்டிருப்பார்கள். மனைவி, புருசன், மகள் என்று கூட வந்தவர்கள் அதில் இருப்பார்கள். தங்கள் ஆள் ஒரு சுற்று நடந்து முடித்தால் கைதட்டுவார்கள். என் கதிரையில் என்னுடைய குளிர்ச்சட்டை இருக்கும். நான் நடந்து முடித்தால் பழக்குகிற பெண் மட்டும் "வெரி குட்" என்பாள், அது அவளுடைய வேலை. அங்கே கயானாவிலிருந்து வந்த ஒரு கிழவி எனக்குப் பக்கத்தில் நடப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வருத்தம். அவளுடைய புருசன் தவறாமல் வந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என் கதிரையைக் காட்டி "அது யாருடைய இடம்?" என்று கேட்டாள். "என்னுடைய சட்டையின் இடம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. புருசனைக் கூப்பிட்டு, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருக்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொன்னாள்: "இந்த மனுசன் இங்கே சும்மாதானே இருக்கிறான், உனக்கும் சேர்த்துத் தட்டட்டும்."

குழாய்

பிறகு ஒக்சிசன் வந்தது. நடக்கும்போது மட்டும் போதும், உட்கார்ந்திருக்கும்போது அளவு நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு வேலை செய்யலாம் என்று டொக்டர் எழுத்தில் தந்தார். நிலைமை மாறினால் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். தோளில் போடுகிற சின்ன மெசின், மூக்குக்கு ஒரு குழாய். ரெஸ்ற் சென்ரருக்குள் நடந்து போய்வந்தால், காருக்குள் ஏறின பிறகும் கொஞ்ச நேரம் அதை மாட்டியிருப்பேன். சிலர் அதைக் கண்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு வரவில்லை. "அங்கிள், எக்ஸாம் இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கார் ஓட்டப் பழகும்போது பக்கத்தில் இருக்கிறவன் உசாராக இருக்க வேண்டும் என்று நினைப்பது பிழையா?

அந்தோனி விடவில்லை. தீவுப்பக்கத்து மனிதர், கட்டடம் துப்புரவு செய்கிற வேலை. என்னுடைய மிகப் பழைய மாணவர், அதாவது மிக அதிகமாக ரெஸ்ற்றில் தவறியவர். என்னோடு இருந்தால் இராசா மாதிரி ஓட்டுவார், சோதிப்பவர் ஏறியவுடன் எல்லாம் மறந்துவிடும். என் மூக்குக் குழாயை முதல்நாள் கண்டவுடன் முகத்தைத் திருப்பிக் கண்ணாடியைச் சரிசெய்யத் தொடங்கினார். இந்த ஆளும் போகப்போகிறார் என்று நினைத்து, நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முடிந்து திரும்பி வந்து, கியரைப் பார்க்கில் போட்டபின் கேட்டார்: "மாஸ்டர், ரெஸ்ற் நேரம் உந்தக் குழாயை எனக்கு ஒருக்காத் தருவியளோ? எனக்கு மூச்சு நிக்கிறது அந்த நேரம்தான்."

கூட இருக்க ஓர் ஆள்

நுரையீரல் மாற்றுகிற சத்திரசிகிச்சை செய்யலாமா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். பரிசோதனைகளைப் பற்றி எனக்குப் பயமிருக்கவில்லை. அங்கிருந்த சமூக சேவைப் பெண் கேட்ட ஒரு கேள்விதான் என்னைப் பிடித்து உலுக்கியது. ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் கூட இருந்து, மருந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் பெயரைப் போட மாட்டார்கள். "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். பெயருக்குக் குறைவில்லை. 'கண்ணன் லெவ்ற் ரேண்', 'சுபா பார்க்கிங்', 'வேகம் ரவி' என்று அவரவர் பிழையோடு சேர்த்துப் பதிந்து வைத்திருந்தேன். எல்லோரும் பிழையைத் திருத்திக்கொண்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள். என்னோடு இரு என்று யாரைக் கேட்பது? தங்கச்சிக்கு எடுத்தேன். அவளுக்கு அங்கே நடமாட முடியாத மாமியார், வேலை, விசாப் பிரச்சினை. அவள் அழுதாள். நான்தான் தேற்றினேன். மூச்சு வாங்க வாங்கத் தேற்றினேன்.

யேசுதாசனிடம் நான் கேட்கவில்லை. சென்ரரில் இரண்டு பேரும் மாணவர்களுக்காகக் காத்து நின்றபோது, இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று செய்தியாகத்தான் சொன்னேன். அவன் வேறு கதைக்கு மாறிவிட்டான். நானும் கூடவே மாறினேன். அடுத்த கிழமை என் கார்க் கண்ணாடியில் தட்டி, குனிந்து, சண்டை பிடிக்கிற குரலில் சொன்னான்: "மனிசியிட்டைக் கேட்டிட்டன், அவளும் ஓம் எண்டிட்டாள், மேலறை சும்மாதான் கிடக்கு. ஆனால் மச்சான், என்ரை வீட்டுக்கு வந்திருந்து நான் ஓடுறதுக்குப் பிழை பிடிச்சியெண்டால் பாதியிலை இறக்கிவிட்டிடுவன்."

திரைச்சீலை

ஆள் கிடைத்த பிறகு இதயம் சரிவரவில்லை. கடைசிப் பரிசோதனையில், இந்த இதயம் அந்த ஒப்பரேசனைத் தாங்காது என்று கண்டார்கள். மிகவும் பண்பாகச் சொன்னார்கள். மருந்தும் ஒக்சிசனும் தொடரும், மூச்சுத்திணறலைக் குறைக்க இன்னொரு குழுவும் வீட்டுக்கு வந்து பார்க்கும், கைவிட மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னபடி கைவிடவும் இல்லை.

யேசுதாசன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். அவன் மனைவி பிலோமினா உள்ளே போய்விட்டாள், தண்ணீர்க்குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவன் தலையைச் சொறிந்தான். மேலறையை எனக்காக ஒழுங்குபடுத்தியிருந்தார்களாம். வெயில் முகத்தில் அடிக்கும் என்று அவள் கடையில் துணி வாங்கித் தானே தைத்திருக்கிறாள். "திரைச்சீலை தைச்சுப் போட்டாள் மச்சான். நீ சும்மா எண்டாலும் வந்து ஒருநாள் படுத்திட்டுப் போ."

வாய்

போய்ப் படுத்தேன். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாக நித்திரை வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் சளிக்காய்ச்சல் பிடித்தது. தடுப்பூசி போட்டிருந்தும் பிடித்தது. போட்டிராவிட்டால் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நேர்ஸ் சொன்னாள். எங்களைப் போன்றவர்களுக்குத் தடிமன்கூடச் சின்ன விசயமில்லை, தும்முகிறவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள், மூச்சு வழக்கத்தைவிடக் கூடுதலாக முட்டினால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நான் இருந்தேன். அம்புலன்ஸில்தான் போனேன். கொஞ்சம் தேறியபோது டொக்டர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்: இன்னொரு முறை இப்படி வந்து, உங்களால் பேச முடியாமல் போனால், மெசின் வைத்து மூச்சு விடச் செய்யட்டுமா, வேண்டாமா? உங்களுக்காக யார் பேசுவார்? நான் யேசுதாசனின் பெயரைச் சொன்னேன்.

அவன் சூப் கொண்டு வந்திருந்தான். விசயத்தைச் சொன்னதும், "சரி, அந்த நேரம் பாத்துக்கொள்ளுவம்" என்று மூடியைத் திறக்கத் தொடங்கினான். நானும் அப்பாடா என்று கரண்டியை எடுத்தேன். அவன் திடீரென்று சூப்பை மூடி வைத்துவிட்டு, கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "இல்லை மச்சான், அந்த நேரம் எண்டு விடேலாது. நான்தான் உன்ரை வாய் எண்டால், இப்ப நீ உன்ரை வாயைத் திறந்து, என்ன வேணும் என்ன வேண்டாம் எண்டு ஒவ்வொண்டாய்ச் சொல்லு."

சும்மா கார்

வசந்தத்தில், உட்கார்ந்திருக்கும்போதும் ஒக்சிசன் வேண்டும் என்றாயிற்று. இனிப் பழக்கக்கூடாது, ஓட்டவும் கூடாது. மிச்சமிருந்த மாணவர்களை யேசுதாசனிடம் ஒப்படைத்தேன். அந்தோனியை ஒப்படைக்கும்போது, சோதிப்பவர் ஏறும்போது இவரையே ஏதாவது பகிடி விட்டுச் சிரிக்கச் சொல்லு, ஆள் பதற்றம் இல்லாமல் ஓடுவார் என்று சொல்லி வைத்தேன். அது வேலை செய்ததோ, சோதிப்பவர் நல்ல மனநிலையில் இருந்தாரோ, மனிதர் அந்த முறை தேறிவிட்டார். போனில் சொன்னார். பிறகு, தேறியவர்களின் வழக்கம்போல, அவரிடமிருந்து போன் வரவில்லை.

காரை விற்பதற்கு முன் இரண்டாவது பிரேக்கைக் கழற்ற வேண்டும். கராஜ் வைத்திருக்கிற குகன்தான் அதை முதலில் பூட்டியவன். காருக்கு அடியில் படுத்துக் கழற்றி, துணியால் துடைத்து, குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் என்னிடம் தந்தான். மிதித்து மிதித்துக் கால்படுகிற இடம் கண்ணாடிபோல மினுங்கியது. பக்கத்துச் சீற்றின் அடியில் இப்போது வெறும் விரிப்பு. இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்தோம். "முடிஞ்சுது அண்ணை, இனி உது சும்மா கார்."

மிசிசாகாவிலிருந்து

நுரையீரல் கிளினிக் நேர்ஸ் ஒருநாள் கேட்டாள்: புதிதாக இதே வருத்தம் கண்டுபிடித்த தமிழர் ஒருவர் மிசிசாகாவில் இருக்கிறார், வீட்டை விட்டு வெளியே வருகிறாரில்லை, ஒருக்கால் நீ பேசிப் பார்க்கிறாயா? அவரும் சம்மதித்திருந்தார். பெயர் பரமநாதன், விமான நிலையத்தில் பொதி ஏற்றி ஓய்வு பெற்றவர். நான் ஒரு மத்தியானம் அவருக்குப் போன் எடுத்தேன். "நல்ல பெரிய வீடு தம்பி," என்றார், "பிள்ளையள் எல்லாரும் வேலை, பின்னேரம்தான் வருவினம். மேலுக்கு ஏற ஏலாது. கீழை சோபாவிலைதான் சீவியம்." நான் கைவிசிறியைப் பற்றிச் சொன்னேன். கதிரையில் இருந்து குளிப்பது, உதட்டைக் குவித்து மூச்சு விடுவது, வயிற்றைக் குழப்புகிற மாத்திரை, கால் பலப்பட நடக்கிற வகுப்பு எல்லாம் சொன்னேன். அவர் பிள்ளைகளுக்கு முன்னால் இருமலை அடக்குவதைப் பற்றிச் சொன்னார். அடக்கினால் கண்ணீர் வருகிறதாம், அப்பா அழுகிறார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்களாம்.

பாதியில் எனக்கு மூச்சு முடிந்தது. அவருக்கும் முடிந்தது. போனின் இரண்டு பக்கமும் இருமல். பிறகு இருமலும் ஓய்ந்து, என் மெசினும் அவருடைய மெசினும் ஒன்றுக்கொன்று புசுபுசுவென்று பேசிக்கொண்டன. முதல்நாளே மனிதரைக் களைக்க வைத்துவிட்டேன், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, இடையில் மூச்செடுத்து மூச்செடுத்துச் சொன்னார்: "ஒண்டும் கதைக்க வேண்டாம் தம்பி, ஆறுதலாய் இருங்கோ, ஆனால் போனை மட்டும் வைச்சிடாதேங்கோ."

மூச்சு இருக்கிற நேரம் பேச ஆள் இல்லை, ஆள் கிடைக்கிற நேரம் மூச்சு இல்லை, இரண்டும் ஒன்றாய்க் கிடைக்கிற நாளைத்தான் நல்ல நாள் என்று இப்போது சொல்லப் பழகியிருக்கிறேன்.